பன்னிரண்டு தெருவுக்கு ஒரு தோல் கோட்டு

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள், காலை பதினொன்றரை மணிக்கு, ஈச்சம்பட்டறை ரேஷன் கடை வரிசையில் சர்க்கரைக்காக நின்றிருந்த சலோமியின் தோல் கோட்டுக்குள் குளிர்காலம் வந்து இறங்கியது. அவளுக்குப் பின்னால் நின்றவள் நான்தான். முதலில் என் முழங்கை சில்லிட்டது, அப்புறம் என் கையிலிருந்த காலிப் பை சில்லிட்டது, அப்புறம் சலோமி என் பக்கம் திரும்பி, "தனக்கோட்டி அக்கா, சர்க்கர கீதா தீந்துட்ச்சான்னு எட்டிப் பாரு" என்றபோது அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது, கோட்டின் காலரில் உப்புத் தூவினது மாதிரி என்னவோ படிந்திருந்தது, நான் தொட்டதும் அது தண்ணீராகிப் போனது. அந்த வெயிலில் கேள்வி கேட்கிற தெம்பு யாருக்கு இருக்கிறது? ஒரு அடி முன்னால் போய் அவளோடு ஒட்டி நின்றுகொண்டேன், எனக்குப் பின்னால் இருந்தவளும் ஒட்டிக்கொண்டாள், அவளுக்குப் பின்னால் இருந்த பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு நெருங்கி வந்தார், கால் மணி நேரத்தில் வரிசை என்பதே போய் சலோமியைச் சுற்றி ஒரு வட்டம் ஆகிவிட்டது, ரேஷன் கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அந்தம்மாவ கொஞ்சம் இந்தாண்ட வந்து நிக்கச் சொல்லுங்க" என்றார்.

பாலாற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மழை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் காட்டுகிற ஊர், வெயில் என்றால் காட்டவே வேண்டாத ஊர். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் தைப்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் போடுகிற தோல் கோட்டு. பன்னிரண்டு தெருவிலும் கம்பெனிக்குப் போகாத வீடு கிடையாது. நான் லைனிங் தைக்கிறவள், எனக்கு அந்தப் பக்கத்து மேஜை பட்டன், அதற்கு அந்தப் பக்கம் காலர். இவ்வளவு தைத்தும் எங்களில் ஒருத்தர் கூட ஒரு கோட்டை ஒரு நாளும் போட்டுப் பார்த்தது இல்லை. அல்வா கிண்டுகிறவனுக்கு அல்வா திகட்டும் என்பார்களே, எங்களுக்குத் தின்று பார்க்காமலேயே திகட்டிவிட்டது.

சலோமி மட்டும் போட்டாள், ஏனென்றால் போடுவதுதான் அவள் வேலை. அவள் தோள், மார்பு, கை நீளம் எல்லாம் கம்பெனியின் மீடியம் சைஸுக்கு நூல் பிசகாமல் பொருந்தியதால் அவளை அளவுக்காரி என்று வைத்திருந்தார்கள். புது மாடல் ஒன்று தைத்து முடித்ததும் ஏ.சி. அறையில் அவளுக்குப் போட்டுவிட்டு, கட்டிங் மாஸ்டர் இனாயத்துல்லா பாய் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார், "எங்கனா இறுக்குதா?" என்று கேட்பார், அவள் "இல்ல பாய்" என்பாள், கழற்றிக் கொடுத்துவிடுவாள். ஒரு கோட்டுக்கு ஐந்து நிமிடம். இப்படிப் பதினோரு வருடம், ஐந்தைந்து நிமிடமாக, அவள் மனதுக்குள் அந்த ஆசை வளர்ந்திருக்கிறது. எங்களுக்கு என்ன தெரியும்?

போன வருடம் ஒரு நாட்டுக்காரர்கள் ஆர்டரை வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அங்கே அந்த வருடம் குளிரே ஒழுங்காக வரவில்லையாம், கோட்டு எதற்கு என்று கேட்டார்களாம். அந்த ஆர்டரில் முதுகில் முள் கீறின தழும்போடு ஒரு காப்பி நிறக் கோட்டு இருந்தது. ஆடு உயிரோடு இருந்தபோது வேலிகாத்தான் முள்ளில் போய் உரசின தழும்பு. தழும்பு விழுந்த தோலை எவனும் வாங்க மாட்டான் என்று ரிஜெக்ட் குவியலில் போட்டார்கள். மேனேஜரிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்ட சலோமி, ஏ.சி. அறைக்கு வெளியே, கம்பெனி வாசலுக்கு வெளியே, பட்டப்பகலில், புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பில் நானும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

"இன்னா சலோமி, டார்ஜிலிங்குக்கா?" என்று கேட்டோம். தோலில் அரிப்பு, வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னார் என்றாள். அடுத்த வாரம், தையல் எத்தனை நாள் தாங்குகிறது என்று கம்பெனிதான் போட்டுப் பார்க்கச் சொன்னது என்றாள். அதற்கடுத்த வாரம், குளிர்க் காய்ச்சல் என்றாள். வேர்த்து விறுவிறுத்துப் போய்க் குளிர்க் காய்ச்சல் என்று சொல்கிறவளை யார் நம்புவார்கள்? ஆனாலும் அவள் கழற்றவில்லை, நாங்களும் கேட்பதை விடவில்லை.

சிரிக்காதது அவள் அம்மா ரூத்தம்மாள் மட்டும்தான். அந்த அம்மாளின் அப்பா, செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போய் உரித்து, ஈரத் தோலைத் தோளில் போட்டுக்கொண்டு பதினோரு மைல் நடந்து போய்த் தோல் மண்டியில் போட்டவர். அந்த வாடைக்காகவே ஊர் அவர்களைத் தள்ளி நிறுத்தியது. ரூத்தம்மாள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வேளை குளித்து, பவுடர் போட்டு, தன் உடம்பிலிருந்து அந்தத் தோலை வருடக் கணக்காகக் கழற்றிக் கழற்றி வைத்தவர். "எங்கப்பன் வேற வழியில்லாம தோள்ல போட்டாரு. உனக்கு இன்னாடி தலையெழுத்து? ஆசப்பட்டு எவளாவது இத்தப் போட்டுப்பாளா?" என்று கேட்டார். ஆசைப்பட்டுத்தான் போடுகிறேன் என்று சொல்லச் சலோமிக்கு வாய் வரவில்லை. முப்பத்தாறு வயதுப் பெண், கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோது கூடக் காரணம் சொன்னவள். காரணமில்லாத ஒன்றைச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

அப்படி இருந்தபோதுதான் ரேஷன் கடையில் குளிர்காலம் வந்து அவளைக் காப்பாற்றியது. அவளைச் சுற்றி இரண்டு கை நீளத்துக்கு மார்கழி, அதைத் தாண்டினால் அக்னி நட்சத்திரம். ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்; எங்கள் ஊரில் யாரும் விழுந்து கும்பிடவில்லை, யாரும் பத்திரிகைக்குச் சொல்லவில்லை, குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பூக்காரி மல்லிகைக் கூடையை அவள் காலடியில் வைத்தாள், மொட்டு சாயங்காலம் வரை மலரவில்லை. பால்காரர் கேனைக் கொண்டுவந்தார். வேர்க்குரு பிடித்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், அந்தக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து முதல் முறையாகப் பகலில் தூங்கின. சர்ச்சில் அவளை நடுப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், போதகர் ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் செய்தும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறவர்களுக்காகப் பள்ளிவாசல் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நின்றாள். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் பவுடர் கரையாமல் இருக்க நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், போட்டோவில் எல்லாம் மணமகன், மணமகள், தோல் கோட்டுப் போட்ட சலோமி. அம்மன் கோயில் தீமிதிக்கு மட்டும் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நெருப்பு சில்லிட்டுப் போனால் வேண்டுதல் செல்லாதாம்.

அந்த மூன்று வாரம் சலோமி இருந்த சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தேன். ஒருத்தரும் ஏன் போடுகிறாய் என்று கேட்கவில்லை. கழற்றிவிடாதே என்றுதான் சொன்னார்கள். காலையில் ஆறு மணிக்குப் போடுவாள், கையை நுழைத்துத் தோளைக் குலுக்கி அது சரியாக உட்காருகிற அந்த நொடியில் கண்ணை மூடிக்கொள்வாள், முழங்கையை மடக்கித் தோல் முனகுகிற சத்தத்தைக் கேட்பாள், அப்புறம் தெருவில் இறங்கித் தலை நிமிர்ந்து நடப்பாள். ரூத்தம்மாள் கூட, "ஏதோ நாலு பேருக்கு ஒத்தாசையா கீது" என்று முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார். பெரிய நிம்மதி அவளுக்கு, காரணம் கிடைத்துவிட்டதே!

கிடைத்த காரணம்தான் அவளுக்கு எமனாக வந்தது. ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது கோட்டை ஆணியில் மாட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால், சலோமி இல்லாமலே ஆணியைச் சுற்றிக் குளிர் இருக்கிறது. அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் கவுன்சிலர் வேதாசலம் பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு, நடுக் கம்பத்தில் கோட்டை மாட்டிவிட்டார். "உனக்கும் எதுக்கும்மா சிரமம், நாள் பூரா நின்னுகினு" என்று அவளிடம் கரிசனமாகவும் சொன்னார். திங்கள் ஒன்றாம் தெரு, செவ்வாய் இரண்டாம் தெரு என்று அட்டவணை எழுதி ஒட்டினார்கள். சலோமி வீடு ஏழாம் தெரு. தன் தெருவின் முறை வந்த அன்று அவளும் போய்ப் பந்தலில் மற்றவர்களோடு நின்று, கம்பத்தில் தொங்குகிற தன் கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். தோளில் யாரோ தவறாக ஹேங்கர் மாட்டி இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்யக் கை நீட்டியவளை, "தொடாத மே, குளிர் கலஞ்சிரும்" என்று யாரோ அதட்டினார்கள்.

அட்டவணை வந்தால் சண்டை வராமல் இருக்குமா? ஐந்தாம் தெருக்காரர்கள் விடிவதற்கு முன்பே வந்து எடுத்துப் போனார்கள், ஆறாம் தெருக்காரர்கள் தடியோடு மீட்டு வந்தார்கள், ஒரே தெருவுக்குள் பந்தல் மூலையில் நின்றவர்களுக்குக் குளிர் எட்டவில்லை என்று தனிச் சண்டை. வேறு ஊராக இருந்தால் உண்டியல் வைத்திருப்பார்கள், இல்லை கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தோலை அளந்து, கோடு போட்டு, வெட்டுவது. "பன்னெண்டு துண்டாப் போட்டுட்டா தெருவுக்கு ஒண்ணு. கை, காலர், முதுகு, பாக்கெட்டு, எல்லாத்துலயுந்தான குளிர் கீது" என்று வேதாசலம் சொன்னபோது, இவ்வளவு சுலபமான வழி நமக்குத் தோன்றவில்லையே என்று ஊரே தலையில் அடித்துக்கொண்டது. காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நான் போட்டேன், என் மருமகளுக்கு எட்டாவது மாதம், அவள் வெந்துகொண்டிருந்தாள். ரூத்தம்மாள் போட்டார், துண்டு துண்டாகப் போனால் மகளின் பைத்தியம் ஒழியும் என்று நினைத்திருக்கலாம். கடைசியில் சலோமியிடம் காகிதத்தை நீட்டினார்கள்.

அவள் அதை முழுக்கப் படித்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு காரணம் எழுதியிருந்தது: கைக்குழந்தை, படுத்த படுக்கையான அப்பா, இரத்தக் கொதிப்பு, பரீட்சைக்குப் படிக்கிற பெண். அவளிடம் எழுத என்ன இருந்தது? எனக்கு இதைப் போட்டுக்கொள்ள ஆசை என்று, படுத்த படுக்கையான அப்பாவுக்குப் பக்கத்தில் எழுத முடியுமா? "செரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை என்று ரூத்தம்மாள் என்னிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் மருமகளின் வயிறு கண் முன்னால் வந்து நின்றது, வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கம்பெனியின் பெரிய கட்டிங் மேஜையைச் சுற்றி ஊர் கூடியது. இனாயத்துல்லா பாய் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம்: தோல் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பக்கம் நிற்கிறது என்று உடம்பில் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டார். முப்பது வருடப் பழக்கம், ஊருக்காக மாற்றிக்கொள்வாரா? "சலோமி, ஒருதபா போட்டுக் காட்டும்மா, கோடு போட்டுக்கறேன்" என்றார்.

அவள் வந்து போட்டுக்கொண்டாள். புடைத்த தோளைத் தேய்த்துச் சமப்படுத்தினாள். பாய் வெள்ளி மைப் பேனாவை எடுத்து அவள் மேலேயே கோடு போட ஆரம்பித்தார். ஒன்றாம் தெரு வலது கை, இரண்டாம் தெரு இடது கை, ஏழாம் தெரு முதுகில் தழும்பு இருக்கிற இடம். எல்லோரும் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு தங்கள் தெரு எது என்று எட்டி எட்டிப் பார்த்தோம். பன்னிரண்டும் போட்டு முடித்துவிட்டு, பாய் பழக்க தோஷத்தில் கேட்டார்:

"எங்கனா இறுக்குதா?"

பதினோரு வருடமாக இல்லை பாய் என்று சொன்னவளுக்கு அன்றைக்கு முகம் சிவந்துகொண்டே வந்தது. சலோமிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அதனால் அது கோபம் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"எங்கயும் இறுக்கல பாய்" என்றாள். "எனக்கு இது ஆச. அரிப்பும் கெடயாது, டாக்டரும் சொல்லல, கம்பெனியும் சொல்லல, எல்லாம் பொய்யி. உங்க யாருக்கோசரமும் நான் இத்தப் போடல. போட்டா நல்லா கீது, அவ்ளோதான். தோள்ல கனமா உக்காருது. கைய மடக்கனா சத்தம் போடுது. இந்த வாசன எனக்குப் புடிச்சிகீது, எங்க தாத்தா மேல வீசுன வாசனயாவே இருந்துட்டுப் போவட்டும். காலைல கண்ண முழிச்சா போட்டுக்கணும்னு தோணுது. என்னாண்ட வேற காரணம் இல்ல. ஆசப்பட்டா பத்தாதா? பத்தாதுன்னா வெட்டுங்க பாய், என் மேலயே வெச்சி வெட்டுங்க!"

சொல்லச் சொல்ல அவளுக்கு வேர்த்தது. நெற்றியில் முதலில், அப்புறம் கழுத்தில், அப்புறம் ஆறாக. குளிர் வந்த நாளிலிருந்து அந்தக் கோட்டுக்குள் ஒரு சொட்டு வேர்வை விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்த வேர்வையில் காலர் நனைந்தது, நான் தைத்த லைனிங் நனைந்து அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டது, அவள் வாயிலிருந்து வந்த வெள்ளைப் புகை மெலிந்து மெலிந்து நின்றுபோனது. கூட்டத்தில் யாரோ மேல்துண்டால் விசிறிக்கொண்டார்கள். எனக்கு ரவிக்கை பிசுபிசுத்தது. கம்பெனிக் கூரைத் தகரத்தின் சூடு ஒரே நேரத்தில் எங்கள் எல்லார் தலையிலும் இறங்கியது.

பாய் காலரைத் தொட்டார், கையைத் தொட்டார், முதுகைத் தொட்டார். "வெறும் ஆட்டுத் தோலு" என்றார்.

"குளிரு?" என்றார் வேதாசலம்.

"பூட்ச்சு."

"வெட்டுனா உள்ளேர்ந்து வருமோ?"

பாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தியை உறைக்குள் போட்டார். "முப்பது வருஷமா வெட்டறேன், கவுன்சிலரே. அளவு செரியா கீதுன்னு சொல்லிக் கேட்டுகீறேன், ரிஜெக்ட்டுன்னு சொல்லிக் கேட்டுகீறேன். ஆசையா கீதுன்னு ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல. நான் வெட்ட மாட்டேன்." பிறகு ஒரு துணியை எடுத்து அவள் மேலிருந்த பன்னிரண்டு தெருவையும் பொறுமையாகத் துடைத்து எடுத்தார்.

ஊர் கொதித்திருக்க வேண்டும், இல்லையா? கொதிக்கவில்லை. யாரோ ஒருவர் "அப்பாடா" என்றார், சத்தியமாக, அதைக் கேட்டுப் பத்துப் பேர் சிரித்தோம். அட்டவணை பார்த்து, தடி எடுத்து, எட்டி நின்று, நெருக்கி நின்று, ஐந்து வாரமாக நாங்கள் எவ்வளவு களைத்திருந்தோம் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. ஐந்தாம் தெருக்காரனும் ஆறாம் தெருக்காரனும் ஒரே குடைக்குள் வெளியே போனார்கள். என் மருமகளுக்கு ஈரப் புடவையை ஜன்னலில் கட்டிக்கொள்ளலாம், என் மாமியார் எனக்குக் கட்டினாள், பிள்ளை பிறக்காமலா போய்விட்டது. என் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, ஏனென்றால் அந்தக் கையெழுத்தைப் போட்ட நாளிலிருந்து நானும் சரியாகத் தூங்கவில்லை.

ஒரு மணி வெயிலில் நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம், நானும் ரூத்தம்மாளும் குடையில், சலோமி கோட்டில். கொதிக்கிற வெயில், கோட்டின் நுனியிலிருந்து வேர்வை சொட்டுகிறது, அவள் முகம் மட்டும் அப்போதுதான் குளித்து வந்தவள் முகம் மாதிரித் தெளிந்திருந்தது. ரூத்தம்மாள் குடையைப் பிடித்தபடி நேரே பார்த்து நடந்தார். மகள் தாத்தாவின் வாசனையைப் பற்றி ஊர் நடுவில் சொன்னது அவருக்கு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நான் பக்கத்தில் நடந்தேன்.

வீட்டுக்குள் போனதும், "கழட்டு" என்றார் ரூத்தம்மாள்.

சலோமி தயங்கினாள். நான் கூட, இதை எங்கே கொண்டு போய்ப் போடப் போகிறாரோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"கழட்டுடின்னா. இவ்ளோ ஈரத்தோட வுட்டா வெறச்சிப் போய்டும்."

வாங்கினார். வெயிலில் கொண்டு போய்ப் போடவில்லை. கொல்லைப் பக்கம் நிழலில் கொடியை இறக்கிக் கட்டி, கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தோள் புடைக்காமல் இருக்கப் பழைய புடவையைச் சுருட்டி உள்ளே வைத்து மாட்டினார். அப்புறம் உள்ளே போய் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் ஊற்றி வந்து, இரண்டு கையாலும் தேய்த்துச் சூடாக்கி, சுருங்கியிருந்த காலரை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு என்று அழுத்தி நீவினார். பவுடர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன அந்த அம்மாளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கைக்கு ஒரு தயக்கமும் இல்லை.

சலோமி சுவரில் சாய்ந்து அதைப் பார்த்தபடி நின்றாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"இன்னாடி பாத்துகினு கீற? சோத்த போட்டுத் தின்னு" என்றார் ரூத்தம்மாள், காலரிலிருந்து கையை எடுக்காமல். "காலைக்குள்ள காஞ்சிடும். போட்டுக்குவ."